மூன்றாம் கம்பி

ஐந்தருவி ரோடு, குற்றாலம்
12-6-2025

ஏலே துல்கரு, எப்படிலே இருக்க? சவுதி சாப்பாடு ஒடம்புக்கு ஒத்துக்கிடுதா? தம்மாம்ல வெயிலு நாப்பத்தஞ்சு டிகிரின்னு ஒன் தங்கச்சி சனோபர் சொன்னா. இங்கன சாரல் பிடிச்சு நாலு நாளாச்சு. ஐந்தருவில தண்ணி ஆர்ப்பாட்டமா விழுது. நேத்து ஒரு மதுரைக்காரர் குளிக்க இறங்கி, வேட்டி தண்ணியோட போயிட்டு. மனுசன் நம்ம சிப்ஸ் கடை சாக்க வாங்கிச் சுத்திக்கிட்டு கார் வரைக்கும் நடந்தாரு. சாக்குல 'நேந்திரம் முதல் தரம்'னு பெருசா எழுதியிருக்கும்லா. பின்னாடியே ஒரு கூட்டம் அதப் படிச்சிக்கிட்டுப் போச்சு. சரி, அத வுடு.

கரண்டு இல்ல. காத்துக்கு எங்கனயோ மரக்கொப்பு ஒடிஞ்சு கம்பில விழுந்திருக்கு. கரண்டு இல்லன்னா நான் கிதாரத் தொட மாட்டேன், அதான் கடுதாசி எழுத ஒக்காந்துட்டேன். ஆறாங்கிளாஸோட பேனாவ மூடி வச்சவன். எழுத்து நண்டு ஓடுன மாதிரி இருக்கும், கண்ணச் சுருக்கிப் படிச்சிக்க.

சனோபர் கடை வாசல்ல நின்னுக்கிட்டு, "குற்றாலம் அண்ணாச்சி, எங்கண்ணன் ஒங்களோட சேந்து ஒரு ஆல்பம் போடணும்ங்கான். பாட்டே கிடையாதாம். ரெண்டு கிதார் மட்டுந்தானாம். போன்ல பேசினா ரெண்டாவது நிமிசத்துல சண்ட வரும், கடுதாசியாப் போடச் சொல்லுங்கான்"ன்னா. என் பொண்டாட்டி ஆவுடைத்தாய் எண்ணெச் சட்டில கரண்டிய வுட்டுட்டுத் திரும்பிப் பாத்து, "பாட்டே இல்லாதத யாரு கேப்பா?"ன்னா. நியாயமான கேள்விதான். பழைய நாள்ல கல்யாண வீட்டுல ரெண்டு சினிமாப் பாட்டுக்கு நடுவுல நாம ராக் மியூசிக்கு வாசிப்போம்லா, அப்ப பந்தில இருந்தவங்க பாயசத்துக்குக் கூட நிக்காம எந்திரிச்சுப் போனாங்க. நெனப்பு இருக்கா?

நான் மூணு வருசமா மேடை ஏறலன்னு ஒனக்குத் தெரியுமா? கீழப்பாவூர் கோயில் கொடைல நீ லீவுக்கு வந்து எங்கூட வாசிச்ச. பாதில நிறுத்திட்டு என்னப் பாத்து, "ஏலே, ஒனக்குக் காதுன்னு ஒண்ணு இருக்கா?"ன்ன. என்கிட்ட மட்டும் சொல்லுததா நெனச்ச. மைக்கு ஓடிக்கிட்டு இருந்துச்சு. எட்டுக் கொழாய் ஸ்பீக்கர்லயும் ஊரே கேட்டுச்சு. மறுநா வயல்ல தண்ணி பாய்ச்சிக்கிட்டு இருந்த ஒருத்தன் என்ன நிறுத்தி, ரெண்டு காதையும் எட்டிப் பாத்தான்லே.

சிரிக்காத. அன்னைல இருந்து எனக்கே சந்தேகம். இருவத்தஞ்சு வருசம் வாசிச்சவனுக்குக் காது இல்லாமலா இருக்கும்? இல்ல, நெசமாவே இல்லையா?

புளியங்குடி முத்துராஜ் ஆர்க்கெஸ்ட்ரா நடத்துதான்லா, அவன் என் கிதாரக் கேட்டு ரெண்டு தடவ வந்துட்டான். ஆவணி பிறந்தா முகூர்த்தம், அவனுக்கு வேணும். ஆவணி ஒண்ணாந்தேதி பதில் சொல்லுதேன்னு சொல்லியிருக்கேன். நம்ம ரெண்டு வாசிப்பும் ஒட்டுச்சுன்னா கிதார் எங்கிட்ட இருக்கும். ஒட்டலன்னா குடுத்துருவேன். நீ மைக்குல சொன்னதுதான் சரின்னு வச்சிக்கிடுதேன்.

முத வாசிப்பு இந்த மெமரி கார்டுல இருக்கு. மக நிவேதா செல்போன ஆம்ப்ளி முன்னாடி வச்சு ரெக்கார்டு பிடிச்சா. அதே பழைய ஆம்ப்ளிதான், தென்காசி சுடலைமணி அண்ணாச்சி பிளைவுட்டுல அடிச்சுக் குடுத்தது. கடுதாசி கொண்டு வாறவரு பையில ரெண்டு பாக்கெட் சிப்சும் இருக்கும். இருக்கணும்.

குற்றாலிங்கம்


தம்மாம்
3-7-2025

அன்புள்ள குற்றாலிங்கத்துக்கு,

துல்கர்னைன் எழுதிக்கொள்வது. நலம். நீயும் ஆவுடைத்தாயும் நிவேதாவும் நலமா? சிப்ஸ் ஒரு பாக்கெட்தான் வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் விமானத்தில் பசித்தது என்றார்.

மைக் ஓடிக்கொண்டிருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். தெரிந்தபோது நீ கிதாரைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறிவிட்டாய் என்றார்கள். அதைப் பற்றி எழுத ஒரு தாளைத் தனியாக எடுத்து வைத்தேன். இதுவரை ஒரு வரி வரவில்லை. அதைப் பிறகு அனுப்புகிறேன்.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். பகலில் ஏ.சி. மெக்கானிக் வேலை. வெள்ளிக்கிழமை விடுமுறையில் கட்டிலில் உட்கார்ந்து ஹெட்போனில் வாசிக்கிறேன். உன் கார்டு வந்ததும் முதல் காரியமாக அதை லேப்டாப்பில் போட்டு இரைச்சலைத் துடைத்தேன். உன் ஆம்ப்ளி ஆரம்பம் முதல் கடைசி வரை 'ம்ம்ம்' என்று முனங்குகிறது. அதை முழுவதும் எடுத்துவிட்டேன். இப்போது கண்ணாடி மாதிரி இருக்கிறது.

வாசிப்பைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன். விரலில் அந்த ஸ்பானர் குழாயை மாட்டிக்கொண்டு கம்பிமேல் வழுக்கி ஏறுகிறாயே, அந்த இடத்தை ஒன்பது முறை கேட்டேன். ஆனால் என் கிதாரோடு ஒட்டவில்லை. உன் ஆறு கம்பிகளும் ஒன்றோடு ஒன்று மிகச் சரியாக இருக்கின்றன. ஆறும் சேர்ந்து ஒரு நூல் மேலே நிற்கின்றன. அரைச் சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதே கீழப்பாவூர் கதை.

கோபப்படாதே. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். நீ எதை வைத்துச் சுருதி சேர்க்கிறாய்?

கிதார் தலையில் கவ்விக்கொள்ளும் சின்ன டியூனர் ஒன்று அனுப்பியிருக்கிறேன். கம்பி சரியான இடத்துக்கு வந்தால் பச்சை விளக்கு எரியும். அதை வைத்து இன்னொரு முறை வாசித்து அனுப்பு.

துல்கர்னைன்


குற்றாலம்
24-7-2025

ஏலே துல்கரு, சொகமா இருக்கியா? நீ எழுதுத கடுதாசி பேப்பர்ல வாற செய்தி மாதிரி இருக்கு. ஆவுடைத்தாய் பயந்துட்டா, வக்கீல் நோட்டீசுன்னு நெனச்சு.

எத வச்சு சுருதி சேக்கேன்னு கேக்க. காத வச்சுதாம்லே! வேற எத வச்சு? மூணாங் கம்பிய முறுக்குவேன். முறுக்க முறுக்க ஒரு எடத்துல வந்து 'ஆங்'னு ஒக்காரும். ரூமே வாய மூடிக்கிட்ட மாதிரி இருக்கும். அப்ப முறுக்குதத நிறுத்திருவேன். மத்த அஞ்சு கம்பியும் அது சொன்ன பேச்சக் கேக்கும். இதுல என்ன ரகசியம்?

ஒன் மெசினையும் மாட்டிப் பாத்தேன், பாக்கலன்னு சொல்லாத. பச்ச வெளக்கு எரிஞ்சுச்சு. அழகா இருந்துச்சு. வாசிச்சுப் பாத்தா, பக்கத்துல எவனோ ஒக்காந்து பல்ல நறநறன்னு கடிக்க மாதிரி ஒரு சத்தம். எவன் கடிக்கான்னு ரூமு முழுக்கத் தேடுனேன். கட்டிலுக்கு அடில கூடப் பாத்தேன். ஒருத்தனையும் காணல. மெசினக் கழத்திட்டு மறுக்கா என் வழில முறுக்கினேன், கடிச்சவன் எந்திரிச்சுப் போயிட்டான். இப்ப ஆவுடைத்தாய் ஒன் மெசினால சிப்ஸ் பாக்கெட் வாயக் கவ்வி வச்சிருக்கா. நமுக்காம இருக்குன்னு சொல்லுதா. வீண் போகல.

ரெண்டாவது வாசிப்பு செவ்வாக்கெழம பிடிச்சது. அன்னைக்கு மாசாந்திர பராமரிப்புன்னு காலைல ஒம்பது மணிக்கே கரண்ட நிறுத்திட்டான். கார்டு கொண்டு போறவர் சாயந்தரம் கெளம்புதாரு. வேற வழி? பக்கத்து ஜூஸ் கடை ஆனந்தவள்ளி அக்காகிட்டப் போயி ஜெனரேட்டர்ல இருந்து ஒரு வயரு கேட்டேன். "என்னத்துக்குலே?"ன்னா. "கிதாருக்கு"ன்னேன். "கிதாருக்குன்னா இழுத்துக்க. ஒம் பொண்டாட்டி கிரைண்டருக்குன்னா தரமாட்டேன், அவ போன சீசன்ல எங்கிட்டப் பேசல"ன்னா. சீசன் கூட்டம். நான் இங்கன வாசிக்கேன், அங்கன அக்கா மிக்ஸில சப்போட்டாவப் போட்டு அடிக்கா. அப்படியும் நல்லா வந்துச்சு. ஆனா கெளம்புதேன்னவர் கெளம்பல, டிக்கெட்டு தள்ளிப் போச்சாம். இன்னைக்குத்தான் போறாரு. இன்னைக்கும் கரண்டு இல்ல, அதான் இவ்வளவு எழுதுதேன்.

முத்துராஜ் நேத்தும் வந்தான். கிதாருக்கு உறை தச்சுக் கொண்டாந்துட்டான்லே, கொழந்தைக்குச் சட்ட எடுத்த மாதிரி. ஆவணி ஒண்ணு, ஆகஸ்டு பதினேழு. இதுவும் ஒட்டலன்னா இனிமே என்னக் கேக்காத.

குற்றாலிங்கம்


தம்மாம்
9-8-2025

அன்புள்ள குற்றாலிங்கத்துக்கு,

இரண்டாவது கார்டு கிடைத்தது. வழக்கம்போல முனங்கலைத் துடைத்துவிட்டுக் கேட்டேன். எனக்குத் தலை சுற்றுகிறது.

போன முறை ஒரு நூல் மேலே நின்றாய். இந்த முறை ஏறக்குறைய அதே அளவு கீழே நிற்கிறாய். காது இல்லாதவன் கம்பிக்குக் கம்பி தப்புவான். நீ ஆறு கம்பிகளையும் கட்டி ஒரே மூட்டையாகத் தூக்கி, ஒரு நாள் பரணில் வைக்கிறாய், ஒரு நாள் தரையில் வைக்கிறாய். இதைத் தெரியாமல் செய்ய முடியாது. தெரிந்தும் ஏன் செய்கிறாய்?

இன்னொன்று. நான்கு இடங்களில் உன் ஸ்பானர் குழாய் கொஞ்சம் வழுக்கி இறங்குகிறது. சிறிது நேரம் இறங்கியே வாசிக்கிறாய். பிறகு பழைய இடத்துக்கு ஏறிவிடுகிறாய். நான்கு முறையும் அதே இறக்கம், அதே ஏற்றம். கை நடுங்கினால் நான்கு முறையும் ஒரே மாதிரியா நடுங்கும்?

வெள்ளிக்கிழமை முழுவதும் இதையே கேட்டுக்கொண்டிருந்தேன். அறைக்காரர்கள் சாப்பிடக் கூப்பிட்டார்கள், போகவில்லை. முத்துராஜிடம் இன்னும் பத்து நாள் கேள். எனக்கு இது புரிந்தே ஆகவேண்டும்.

11-8-2025

முந்தாநாள் எழுதியதை அனுப்பாமலே வைத்திருந்தேன். நல்லதாகப் போயிற்று. இன்று காலை வேலைக்குப் போகும்போது லேப்டாப்பை அறையிலேயே விட்டுவிட்டேன். கார்டு மட்டும் சட்டைப் பையில் இருந்தது. வேன் ஸ்டீரியோவில் போட்டேன். நீ அனுப்பியபடியே, துடைக்காமல், முனங்கலோடு. வண்டி ஓட்டும் செங்கன்னூர்க்காரர் சிறிது நேரம் கேட்டுவிட்டு, "இதில் இரண்டு பேரா வாசிக்கிறார்கள்?" என்று மலையாளத்தில் கேட்டார்.

இல்லை, ஒருவன்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னேன்.

குற்றாலம், நீ ஆம்ப்ளியோடு சேர்த்துச் சுருதி வைக்கிறாய்! உன் மூன்றாம் கம்பி அந்த முனங்கல் மேல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஊர்க் கரண்ட் ஒரு நொடிக்கு ஐம்பது தடவை துடிக்கும். எர்த் சரியில்லாத ஆம்ப்ளி அந்தத் துடிப்பைத்தான் முனங்கிக் காட்டும். அது டியூனர் சொல்லும் இடத்துக்கு ஒரு நூல் மேலே இருக்கிறது. ஜெனரேட்டர் கொஞ்சம் மெதுவாகச் சுற்றும், முனங்கல் கீழே வரும். அதனால் செவ்வாய்க்கிழமை நீயும் கீழே வந்தாய். டியூனர் மாட்டியபோது பல்லைக் கடித்தவன் வேறு யாருமில்லை, அந்த ஆம்ப்ளிதான்.

நான்கு இடங்களைச் சொன்னேனே, அங்கெல்லாம் மிக்ஸி ஓடுகிறது. மிக்ஸி ஓடும்போது ஜெனரேட்டர் திணறி இன்னும் கொஞ்சம் இறங்குகிறது, உன் விரலும் இறங்குகிறது. மிக்ஸி நின்றதும் ஏறுகிறாய். சப்போட்டா அடிக்கும் நேரத்தில் கரண்ட் இறங்குவதைக் காதால் கேட்டு வாசித்திருக்கிறாய். அது உனக்கே தெரியாது.

நான் சவுதிக்கு வருமுன் உன்னைக் கேட்டுத்தான் என் கம்பியை முறுக்குவேன். அதனால் அப்போது ஒட்டியது. கீழப்பாவூருக்குப் பெட்டிக்குள் டியூனரோடு வந்தேன். ஒட்டவில்லை. இங்கே உட்கார்ந்தும் அதே தப்பைச் செய்தேன். நீ யாரோடு சேர்ந்து வாசித்தாயோ அவனை முதலில் துடைத்துவிட்டுத்தான் உன்னைக் கேட்டேன்.

இதைப் போட்டோ எடுத்துச் சனோபருக்கு அனுப்புகிறேன். அவள் நேரில் வந்து படித்துக் காட்டுவாள். கிதாரைக் கொடுக்காதே.

துல்கர்


குற்றாலம்
18-8-2025

ஏலே துல்கரு, எப்படி இருக்க? கரண்டு இருக்கும்போதே இந்தக் கடுதாசி எழுதுதேன். அதுல இருந்தே என் நெலமையத் தெரிஞ்சிக்க.

சனோபர் மாமியா வீட்டுக்குப் போயிட்டு, அங்கன போன்ல டவரும் கெடைக்காம, நேத்துத்தான் வந்தா. நேத்து என்ன நாளு? ஆவணி ஒண்ணு. காலைல பத்து மணிக்கெல்லாம் முத்துராஜ் வந்து, உறைல போட்டு, ஜிப்ப இழுத்து, எடுத்துட்டுப் போயிட்டான். ஏத்தங்காயச் சீவிக்கிட்டே இருந்தேன். ஆவுடைத்தாய், "போதும், சட்டி தாங்காது"ன்னா. பாத்தா ஒரு வாழத்தாரையே சீவி முடிச்சிருக்கேன்.

பதினொண்ணுக்கு சனோபர் வந்தா. எண்ணெ கொதிக்க சத்தத்துல கத்திக் கத்திப் படிச்சா. சிப்ஸ் வாங்க வந்த ஆளுங்களும் நின்னு கேட்டாங்க. சப்போட்டா வந்த எடத்துல ஆனந்தவள்ளி அக்கா, "ஏ, அது என் மிக்ஸி!"ன்னு குதிச்சா. படிச்சு முடிச்சதும் ஆவுடைத்தாய்தான், "நின்னுக்கிட்டு இருக்கீய? ஓடுங்க"ன்னா.

ஓடுனேன்லே. கையெல்லாம் எண்ணெ. பஸ்ஸ்டாண்டுல தென்காசி வண்டி உறுமிக்கிட்டு நிக்குது. சன்னலோரம் முத்துராஜ், மடில என் கிதார்.

"எறங்குலே"ன்னேன்.

"என்ன அண்ணாச்சி, குடுத்துட்டீயள்லா?"

"எனக்குக் காது இருக்குலே!"

"எல்லாருக்குந்தான் இருக்கு அண்ணாச்சி."

கண்டக்டரு நடுவுல வந்து, "காது இருக்கவங்க உள்ள வாங்க, இல்லாதவங்க எறங்குங்க. வண்டி எடுக்கணும்"ன்னாரு. பஸ்ஸே சிரிச்சுச்சு. மூணு வருசத்துல மொதத் தடவையா நானும் சிரிச்சேன்.

முத்துராஜ் எறங்கிட்டான். அந்த வண்டியும் போயிட்டு, அடுத்த வண்டியும் போயிட்டு, நான் அவனுக்கு ஜெனரேட்டர் கதை முழுசும் சொல்லி முடிக்க. கேட்டுட்டு, "கிதார நீரே வச்சுக்கிடும். ஆனா பதினெட்டாந்தேதி முகூர்த்தத்துக்கு நீரே வந்து வாசிக்கணும்"ன்னான். ஆவணி பதினெட்டு. சரின்னேன். உறையையும் குடுத்துட்டான். நல்ல பய.

வீட்டுக்கு வந்து ஆம்ப்ளியப் போட்டேன். வாசிக்கல. சும்மா அது முன்னாடி ஒக்காந்து முனங்குததக் கேட்டேன். இருவத்தஞ்சு வருசமா எங்கூட இருந்திருக்கான், நான் ஒரு நாளும் அவனத் தனியாக் கேட்டதில்ல. மூணாங் கம்பிய மட்டும் ஒரு தட்டுத் தட்டுனேன். ஒக்காந்துட்டு.

அப்ப ஒரு சந்தேகம் வந்துச்சு. ஒங்க ஊருக் கரண்டு எப்படிலே முனங்குது?

குற்றாலிங்கம்


தம்மாம்
14-9-2025

அன்புள்ள குற்றாலத்துக்கு,

நீ கேட்ட கேள்வியைப் படித்ததும் இரண்டு நாள் எனக்கு வேறு சிந்தனையே இல்லை. இத்தனை வருடம் இங்கே கரண்டோடுதான் வேலை செய்கிறேன், அது என்ன சுருதி என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. இங்கே நொடிக்கு அறுபது துடிப்பு. நம் ஊர் ஐம்பது.

என் ஆம்ப்ளி புதிது, முனங்காது. அதனால் முனங்குகிற ஒன்றைத் தேடினேன். எங்கள் அறையின் பழைய பிரிட்ஜ் பின்பக்கம் நன்றாகப் பாடுகிறது. அதன் காலடியில் உட்கார்ந்து ஒரு கம்பியை அதனோடு சேர்த்தேன். 'ஆங்' என்று உட்கார்ந்தது. நீ எழுதியபோது எனக்குப் புரியவில்லை, இப்போது புரிந்தது. என் டியூனர் சிவப்பிலேயே நின்றது. கழற்றிவிட்டேன். அறைக்காரர்கள் ஐந்து பேரும் பிரிட்ஜுக்கு வாசித்துக் காட்டுகிறவனை வீடியோ எடுத்தார்கள்.

பிறகு உன் முதல் கார்டின் முனங்கலையும் என் பிரிட்ஜ் முனங்கலையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தேன். எதுவும் துடைக்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. இரண்டும் அடித்துக்கொள்ளும் என்றுதான் நினைத்தேன். உன் கரண்ட் ஐந்து அடி வைக்கும் நேரத்தில் என் கரண்ட் ஆறு அடி வைக்கிறது. அடுத்த அடியை இரண்டு பேரும் ஒன்றாக எடுத்து வைக்கிறார்கள். அது எப்படிக் கேட்கிறது என்று எழுத மாட்டேன். கார்டில் இருக்கிறது. முதல் ஒரு நிமிடம் அவர்கள் இருவர் மட்டும்தான். பிறகு நான் வருகிறேன். அதன்பின் காலியாக விட்டிருக்கிறேன், அது உன் இடம்.

கீழப்பாவூர் மைக் பற்றி எழுதத் தனியாக எடுத்து வைத்த தாளையும் இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் ஒரே வரிதான். அதை நீ படித்தால் மட்டும் போதாது. அடுத்த லீவில் கீழப்பாவூர் கொடையில் ஏறி நானே சொல்கிறேன். மைக் ஓடுகிறதா என்று முதலில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

துல்கர்


குற்றாலம்
5-10-2025

ஏலே துல்கரு, எப்படிலே இருக்க? ஒங்க பிரிட்ஜ் எப்படி இருக்கு? அவனையும் கேட்டதாச் சொல்லு.

காலைல இருந்து கரண்டு இல்ல. ஆம்ப்ளில வயர மாட்டி, சுச்சப் போட்டு, கிதார மடில வச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரமா ஒக்காந்திருக்கேன். சீசன் முடிஞ்சிட்டு. ரோட்டுல ஆளு இல்ல. கடை வாசல்ல ஒரு கொரங்கு என் செருப்பத் தூக்கிட்டுப் போயி, அளவு சரியில்லன்னு திருப்பிக் கொண்டாந்து போட்டுட்டு. முத்துராஜ் முகூர்த்தத்துல வாசிச்சேன். பந்தில யாரும் எந்திரிக்கல. பாயசம் நல்லா இருந்துச்சு, அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.

ஒன் ஒத்த வரித் தாளப் படிச்சேன். மடிச்சு கிதார் உறைக்குள்ள வச்சிருக்கேன். பதில் இப்ப எழுதல.

கார்ட நிவேதா செல்போன்ல போட்டா. நானும் ஆவுடைத்தாயும் ஆளுக்கொரு காதுல இயர்போன வச்சுக் கேட்டோம். மொதல்ல என் ஆளு மட்டும் முனங்குதான். எனக்குத் தெரிஞ்ச குரலு. பெறவு ஒன் ஆளு வாறான், கொஞ்சம் மேல. சண்ட வரும்னு கண்ண மூடிக்கிட்டேன். வரல. துல்கரு, ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல ஒக்காந்துட்டாங்கலே. கடலத் தாண்டிக் கெடக்க பிரிட்ஜும் சுடலைமணி அண்ணாச்சி அடிச்ச பலகப் பொட்டியும். யாரு இவங்களுக்கு சொல்லிக் குடுத்தா?

ஆவுடைத்தாய் கரண்டியக் கீழ வச்சிட்டா. "பாட்டு இல்லன்னீய, ரெண்டு பேரு பாடுதாங்களே, யாரு இது?"ன்னு கேட்டா. நான் சொல்லல. நீ வந்து சொல்லு.

ஒன் வாசிப்புக்குப் பெறவு எனக்கு விட்டிருக்க எடத்தையும் கேட்டேன். அங்கன வெறும் முனங்கல்தான் ஓடுது, ஆனா எனக்கு அதுல மூணாங் கம்பி எங்கன வரணும்னு தெள்ளத் தெளிவாக் கேக்குது. மொதல்ல தொடணும், தட்டக் கூடாது. பெறவு அந்தக் குழாய வச்சு பைய மேல ஏறி, ஒன் ஆளு நிக்க எடத்துக்குப் போயி, அங்கன ஒரு செத்த நேரம் நின்னுட்டு, நீ அந்தத் தாள்ல எழுதியிருக்கதுக்குப் பதிலா நான் என்ன நெனச்சிருக்கேன்னா, அன்னைக்குக் கீழப்பாவூர்ல நான் டவுன் பஸ்ல

இந்தா, ஆம்ப்ளி 'ம்ம்ம்'ங்கான். ஆவுடைத்தாய் கத்துதா, "ஏங்க, கரண்டு வந்துட்டு! மறுக்கா போறதுக்குள்ள பிடிச்சிருங்க, நிவேதா போன வச்சிட்டா!"ன்னு. வாறேன்லே, மிச்சத்த நான் கம்பில